சிசர் லிஃப்ட் பத்தடியில நிக்குது, 68 எண்டும் 02 எண்டும் மாறி மாறி காட்டுது, தெரிஞ்சாக்கள் சொல்லுங்க

வாவிக்கரை வயர்மன்

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்புல வயரிங் வேலை செய்யிறவன், வீடு கடை எண்டா கண்ண மூடிக்கிட்டுச் செய்வன் ஆனா இந்த மெஷின் விசயம் நமக்குப் புதுசு. கல்லடிப் பக்கம் ஒரு மண்டபத்துக்கு லைட் போடுற வேலை, மொத்தம் 40 லைட், ஸீலிங் நல்ல உயரம், ஏணி வெச்சு ஏலாது எண்டு பாஸ் ஒரு சிசர் லிஃப்ட், கத்தரி மாதிரி விரிஞ்சு ஆள் நிக்கிற தட்ட மேல தூக்குற மெஷின், ஹயருக்கு எடுத்துத் தந்தார். 19 அடி மெஷின், பெட்டரில ஓடுறது. எந்தக் கொம்பனி எண்டு இதுல எழுத விருப்பமில்ல, ஹயர் குடுத்தவர் பாத்தா வில்லங்கம்.

முதல் நாள் பிழையில்ல, 11 லைட் மாட்டிட்டம். ரெண்டாம் நாள் காலையில மேல போய்க் கொண்டிருக்கக்குள்ள டக் எண்டு நிண்டிட்டு. கீழ இருந்த பொடியன் சொன்னான் கீழ் கொன்ட்ரோல் பெட்டித் திரையில 68 எண்டு விழுந்து கிடக்கு எண்டு. கீய ஓஃப் பண்ணி ஓன் பண்ணினா திரும்ப வேலை செய்யுது, நாலஞ்சடி ஏறுது, நிக்குது. பின்னேரம் பாத்தா 68 இல்ல 02. ஒருக்கா 02 விழுந்து மேல நிண்டவன் நிண்ட நிலை, ஜொய்ஸ்டிக்க என்ன செஞ்சும் அசையல்ல, பிறகு பொடியன் பின்னுக்கு இருக்கிற சிவப்புக் குமிழ இழுத்துத்தான் என்ன இறக்கினான். அந்தக் குமிழ் எங்க இருக்கு எண்டு காலையில காட்டிக் குடுத்ததால தப்பினன், இல்லாட்டி ராவைக்கும் அங்கதான்.

தட்டுக்குக் கீழ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு கோட் எல்லாம் போட்டு, 68 லோ வோல்டேஜ் எண்டு வாசிக்கலாம், 02 இருக்கிற வரி அழிஞ்சு போச்சு. பாஸ் சொல்றார் மெஷின நிப்பாட்டுற ஏதாவது லிமிட் சுவிச்சா இருக்கும், வயர் போட்டு அதத் தாண்டி ஜம்ப் பண்ணிப் போடு எண்டு. எனக்கு மனசு ஒப்பல்ல. ஹயர்காரருக்கு எடுத்தா நாளைக்கு நாளைக்கு எண்டு ரெண்டு நாளா சொல்றார், நாள் வாடகை மட்டும் நிக்காம ஓடுது. என்ன செய்யலாம்?

சம்மாந்துற ஸ்பெனர்

தம்பி முதல்ல ஒண்டு சொல்லுங்க, சார்ஜ் எங்க போட்டீங்க, எத்தின மணித்தியாலம் போட்டீங்க. பெட்டரி நாலும் 6 வோல்ட்தானே, சீரிஸ்ல 24. மல்டிமீட்டர் கையில இருக்குமே உங்களுக்கு. சும்மா நிக்கக்குள்ள ஒருக்கா அளங்க, மேல ஏத்தக்குள்ள ஒருக்கா அளங்க, ரெண்டையும் இஞ்ச போடுங்க. சும்மா நிக்கக்குள்ள 25 காட்டுது பெட்டரி நல்லம் எண்டு வந்து சொல்லாதீங்க, கெட்ட பெட்டரியும் சும்மா இரிக்கக்குள்ள நல்ல பிள்ளை மாதிரித்தான் நிக்கும். பம்ப் மோட்டர் ஏத்தக்குள்ள நூறு அம்பியருக்கு மேல இழுக்கும், அப்பதான் ஆர் கள்ளன் எண்டு தெரியும்.

ஜம்ப் வயர்

பாஸ் சொல்றது சரிதான் மச்சான். நாங்க ஒலுவில் பக்கம் வேலை செய்யக்குள்ள பொட்ஹோல் சுவிச் தொந்தரவு குடுத்த, ஒரு துண்டு வயர் போட்டு ஜம்ப் பண்ணின, வேலை முடியும் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. ரெண்டு நாள் வாடகைய விட ஒரு துண்டு வயர் மலிவு தானே.

கட்டார்ல இருந்து வந்தவன்

மேல எழுதின தம்பி கோவிக்கப்படாது, ஆனா இத அப்பிடியே விட்டுட்டுப் போக ஏலாது. பொட்ஹோல் கார்ட் எண்டா என்ன எண்டு தெரியுமா? தட்டு ஒரு ஆள் உயரத்துக்கு மேல போகக்குள்ள சில்லு ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரு இரும்புத் தட்டு கீழ இறங்கும், நிலத்துக்கும் அதுக்கும் இடைவெளி ரெண்டு சென்ரிமீட்டர் அளவுதான். ஒரு சில்லு குழிக்குள்ள விழுந்தா அந்த இரும்பு நிலத்துல முட்டி மெஷினத் தாங்கும், சரிய விடாது. அது முழுசா இறங்கல்ல எண்டா சுவிச் சொல்லும், மெஷின் ஓடாது. அனேகமா சுவிச் பழுதில்ல, அந்த லிங்குக்குள்ள சீமெந்து காய்ஞ்சு கிடக்கும், இல்லாட்டி ஒரு கல்லு சிக்கிக் கிடக்கும், தட்டிக் கழுவி எண்ணெய் விட்டா சரி.

நான் 6 வருசம் இந்த மெஷின்களோடதான் நிண்டன், ஐபாஃப் கார்ட், இந்த மெஷின் ஓட்டப் பழகின கார்ட், அது இல்லாம கீய கையில தரவே மாட்டாங்க. ஒரு சைட்ல ஜம்ப் பண்ணின மெஷின் ஒண்டு மென்ஹோல் மூடிக்கு மேல ஏறினது, மூடி உடைஞ்சு ஒரு சில்லு உள்ள போச்சு. மேல நிண்டவன் ரெயிலுக்கும் தூணுக்கும் நடுவுல. உசிர் போகல்ல, ஆனா இடுப்பு போச்சு. மண்டபத்துக்குள்ள தானே குழி ஏது எண்டு நினைக்க வேணாம், மண்டபத்துக்குள்ளயும் கான் மூடி இருக்கும், ஒயரிங் டக்ட் மூடி இருக்கும்.

வயர்மன் தம்பி, உங்கட கேஸ்ல அது லிமிட் சுவிச் விசயமே இல்ல எண்டுதான் நினைக்கிறன். ஸ்பெனர் கேட்டத அளந்து போடுங்க.

வாவிக்கரை வயர்மன்

நன்றி எல்லாருக்கும். இண்டைக்குக் காலையில அளந்தன்.

சும்மா நிக்கக்குள்ள மொத்தம் 25.0. சந்தோசப்பட்டுக்கிட்டு பொடியன ஏத்தச் சொல்லிட்டு மீட்டரப் பாத்துக்கிட்டு நிண்டன், 20.6க்கு வந்திட்டு, அப்பயே 68 விழுந்திட்டு. பிறகு ஒவ்வொரு பெட்டரியா பிடிச்சுப் பாத்தன், ஏத்தக்குள்ள மூண்டு பெட்டரி 5.7, 5.8, 5.7. நாலாவது 3.4. அது சும்மா நிக்கக்குள்ளயும் மத்ததுகள விட கொஞ்சம் குறைவுதான்.

மூடியத் திறந்து பாத்தன், அந்தப் பெட்டரியில ஒரு குழியில தண்ணி பிளேட்டுக்குக் கீழ இறங்கிக் கிடக்கு, பிளேட் மேல வெள்ளையா பூத்த மாதிரி. ஹயர்காரர்ட ஆள் ஒருவன் மெஷின் இறக்க வந்தவன் சொன்னவன் தண்ணி குறைஞ்சா விடச்சொல்லி, என்ன தண்ணி எண்டு கேட்டதுக்கு கிணத்துத் தண்ணியும் காணும் எண்டான். சார்ஜ் நாங்க ராவைக்கு மண்டபத்துலயே போடுறது, எட்டு மணித்தியாலம் இருக்கும், நீட்டு எக்ஸ்டென்ஷன் வயர்ல.

சம்மாந்துற ஸ்பெனர்

ஆ வந்திட்டு கள்ளன். 6 வோல்ட் பெட்டரிக்குள்ள மூண்டு செல், ஒரு செல்லுக்கு ரெண்டு வோல்ட். மத்தது 5.7ல நிக்கக்குள்ள இது 3.4க்கு விழுந்தா கணக்குப் பாருங்க, ஒரு செல் செத்திட்டு, அவ்வளவுதான். ஒரு செல் செத்தா நாலு பெட்டரியும் சேந்து தள்ளுற வண்டியில ஒருத்தன் வண்டிக்கு மேல ஏறிக் குந்தின மாதிரி. 24 வோல்ட் செட் ஒண்டு வேலை செய்யக்குள்ள 21க்குக் கீழ போனா, செல்லுக்கு ஒண்டேமுக்கால் வோல்ட் வருது, அதுக்குக் கீழ அடிச்சு ஓட்டினா மிச்சம் மூண்டும் செத்துப் போயிடும். அதுக்குத்தான் மெஷின் 68 போட்டு நிக்குது. அது செய்யிறது சரியான வேலை.

கிணத்துத் தண்ணி எண்டு சொன்னவனுக்கு நாலு சாத்து சாத்தோணும். நம்மட பக்கம் வாவிக்கரை, கடற்கரைக் கிணறு எல்லாம் கோடையில உப்பேறிக் கிடக்கிற தண்ணி, கச்சான் காத்து அடிக்கிற காலத்துல வாயில வெக்க ஏலாது, அதக் கொண்டு பெட்டரியில விட்டா பெட்டரி என்ன செய்யும். டிஸ்டில்ட் வோட்டர் மட்டும்தான். அதையும் சார்ஜ் முடிஞ்ச பிறகுதான் நிரப்போணும், சார்ஜுக்கு முதல் நிரப்பினா கொதிச்சு வழியும். பிளேட் வெளிய தெரிஞ்சா மட்டும் பிளேட் மூடுற அளவுக்கு முதல்ல விட்டுட்டு சார்ஜ் போடுங்க. இன்னொண்டு, ராவைக்கு சார்ஜ் போடுற மண்டபத்துல யன்னல் ஒண்டு திறந்து கிடக்கட்டும், பக்கத்துல ஆரும் சிகரட் பத்த வேணாம், சார்ஜ் ஆகக்குள்ள வாற கேஸ் வெடிக்கும்.

பெட்டரித் தண்ணிட அடர்த்தி பாக்கிற ஹைட்ரோமீட்டர் ஒண்டு கராஜ்ல இரவலுக்கு வாங்கி எல்லாச் செல்லையும் பாருங்க. முழு சார்ஜ்ல 1.265, 1.280 அந்த அளவுல நிக்கணும். செத்த செல் 1.150க்குக் கீழ நிக்கும் எண்டு என்ட கணிப்பு.

எக்ஸ்டென்ஷன் வயர் எத்தின மீட்டர், என்ன சைஸ்? மெல்லிசு வயரச் சுருட்டுல சுத்தின படியே வெச்சு சார்ஜ் போட்டா சார்ஜருக்கு 230 போகாது, பெட்டரி ஒழுங்கா நிரம்பாது, வயரும் கொதிக்கும். இது நான் சொல்லித்தரத் தேவையில்ல உங்களுக்கு.

வாவிக்கரை வயர்மன்

ஸ்பெனர் காக்கா எக்ஸ்டென்ஷன் பத்திக் கேட்டது வெக்கமாப் போச்சு. 30 மீட்டர், சுருட்டுல இருந்து பாதி கூட இழுக்கல்ல. நான் வயர்மன் எண்டு சொல்லிக்கிட்டுத் திரியிறன்.

ஹயர்காரருக்கு மீட்டர் படத்தோட அனுப்பினன், 3.4 எண்டு தெளிவாத் தெரியிற படம். அதுக்குப் பிறகு மனிசன் வாய் பேசல்ல, பின்னேரமே ஒரு பெட்டரி அனுப்பினார், புதுசில்ல, வேற மெஷின்ல கழட்டினது ஆனா நல்லா நிக்குது, ஏத்தக்குள்ள 5.6. ஹைட்ரோமீட்டர்ல பழைய பெட்டரிட அந்தச் செல் 1.120 காட்டினது, மத்தச் செல்லுகள் 1.240.

68 போச்சு. ஆனா 02 போகல்ல! இப்ப நாலு தரம் ஏத்திப் பாத்தன், நாலு தரமும் 02.

தாழங்குடா தம்பி

ஈசியூ, அதான் கொன்ட்ரோல் போர்ட், போயிருக்கும் அண்ணே. எங்கட சைட்ல ஒருக்கா இப்பிடித்தான், போர்ட் மாத்தின, லட்சக்கணக்குல போச்சு.

சம்மாந்துற ஸ்பெனர்

தம்பி போர்ட் மாத்தின சரி, மாத்தினாப் பிறகு பழைய போர்ட்ட எங்க வெச்சீங்க? நான் மூண்டு தரம் கண்டிருக்கன், லட்சம் குடுத்து போர்ட் மாத்துவாங்க, மாத்தக்குள்ள பிளக்கக் கழட்டி மாட்டினதால பின் சுத்தமாகி மெஷின் வேலை செய்யும், போர்ட்தான் பழுது எண்டு நினைச்சுக்குவாங்க. பழைய போர்ட் ஒரு குறையும் இல்லாம குப்பையில கிடக்கும்.

கோட் எண்டா என்ன எண்டு விளங்கிக்கோணும். 02 எண்டு விழுந்தா இந்தச் சாமான் பழுது எண்டு மெஷின் சொல்லல்ல. கீழ இருக்கிற பெட்டி நிண்டு கத்துது, மேல இருக்கிற பெட்டியோட நான் கதைக்கிறன் பதில் வருதில்ல எண்டு. ஏன் பதில் வரல்ல எண்டு அதுக்கும் தெரியாது. மேல பெட்டி செத்திருக்கலாம், இடையில வயர் அறுந்திருக்கலாம், பிளக் லூசா இருக்கலாம். வீட்டுல ஃபோன் எடுக்காட்டி ஆள் மவுத்து எண்டு முடிவு கட்டுறமா, சார்ஜ் இல்லாமயும் இருக்கும்தானே.

இன்னொண்டு, கோட் கொம்பனிக்குக் கொம்பனி வேற. ஜீனி மாதிரி மெஷின்கள்ல திரையில இலக்கம் விழும், ஜேஎல்ஜி பழைய மெஷின்கள்ல லைட் மின்னுறத எண்ணணும், ரெண்டு மின்னி கொஞ்சம் நிண்டு அஞ்சு மின்னினா 2-5. ஒரே கொம்பனியிலயே சீரியல் நம்பர் மாறினா கோட் லிஸ்ட்டும் மாறும். அதால நெட்ல எவனோ போட்ட லிஸ்ட்ட நம்பாதீங்க, பிளேட்ல இரிக்கிற சீரியல் நம்பரப் போட்டுத் தேடினா கொம்பனிக்காரனே மெனுவல சும்மா போட்டிருக்கான். தம்பி, சீரியல் பிளேட் இரிக்கா, அல்லது பெயின்ட் அடிச்சு மூடிட்டாங்களா?

இப்ப மெயின் கேள்வி ரெண்டு. ஒண்டு, கீழ கீய வெச்சு கீழ உள்ள பட்டன்ல ஏத்தினா முழுசா ஏறுதா? ரெண்டு, மேல இருந்து ஏத்தக்குள்ள 02 விழுற உயரம் ஒவ்வொரு தரமும் ஒண்டா, வேற வேறயா?

வாவிக்கரை வயர்மன்

சீரியல் பிளேட்ட பெயின்ட்ட சுரண்டி எடுத்தன், மெனுவல் கிடைச்சிட்டு. 02 எண்டா காக்கா சொன்னதேதான், மேல் கொன்ட்ரோலோட தொடர்பு இல்ல.

கீழ இருந்து ஏத்தினா முழு உயரமும் போகுது, ஒரு கோட்டும் இல்ல, மூண்டு தரம் செஞ்சன். மேல இருந்து ஏத்தினா... இதத்தான் நான் இவ்வளவு நாளும் கவனிக்கல்ல காக்கா. தூண்ல சோக்கால கோடு போட்டுப் பாத்தன். அஞ்சு தரம் ஏத்தினன். அஞ்சு கோடும் ஒரு சாணுக்குள்ள. பத்தடி பக்கம்.

சம்மாந்துற ஸ்பெனர்

சோக்கு வேலை நல்ல வேலை. அப்ப முடிஞ்சு, பெட்டி இல்ல கேபிள்தான். கீழ இருந்து ஏத்தக்குள்ள கீழ் பெட்டி மேல் பெட்டியப் பாக்கிறல்ல, அதால பம்ப், வால்வ், பெட்டரி, கீழ் போர்ட் எல்லாம் சரி எண்டு அந்த ஒரு டெஸ்ட்லயே தெரிஞ்சிட்டு. மேல் பெட்டி பழுதெண்டா நிலத்துலயும் 02 விழும், பத்தடியில மட்டும் விழாது. ஒரே உயரத்துல விழுதெண்டா அந்த உயரத்துல எதோ ஒண்டு மடியுது. கத்தரி விரியக்குள்ள கேபிளும் சேந்து மடிஞ்சு விரியும், வருசக்கணக்கா ஒரே இடத்துல மடிஞ்சா உள்ளுக்குச் செம்பு அறுந்திடும், வெளிய ரப்பர் பிழையில்லாமத்தான் இருக்கும். தடவிப் பாத்தா அந்த இடம் மட்டும் தொளதொளண்டு இருக்கும்.

எப்பிடிப் பாக்கிறது எண்டா, ஒழுங்கா வாசிங்க, இதுல அவசரப்படப்படாது. ஆர் மேலயும் இல்லாம, ஒரு சாமானும் தட்டுல இல்லாம கீழ இருந்து ஏத்துங்க. நடுவுல ஒரு சேஃப்டி ஆர்ம் மடிச்சு வெச்சிருக்கும், அத நிமித்தி நிறுத்தி தட்ட மெதுவா அதுக்கு மேல இறக்கிக் குந்த வையுங்க. அது இல்லாம கத்தரிக்குள்ள கையோ தலையோ போடவே வேணாம், ஒரு ஹோஸ் வெடிச்சா, ஆராவது அந்தச் சிவப்புக் குமிழ இழுத்தா, தட்டு வந்திடும். பிறகு கீ ஓஃப், பெட்டரி பிளக்கையும் கழட்டுங்க.

இப்ப மெனுவல்ல வயரிங் படத்தப் பாத்து கேன் வயர் ரெண்டையும், அதான் மேல் பெட்டியும் கீழ் பெட்டியும் கதைக்கிற வயர், கண்டுபிடிங்க. எல்லா மெஷின்லயும் கேன் இல்ல, உங்கட மெனுவல்ல இரிந்தா மட்டும். ரெண்டும் ஒண்டோட ஒண்டு முறுக்கி வரும். ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒண்டொண்டு இரிக்கும், ரெண்டும் பரலல்ல வாறதால பிளக்கெல்லாம் மாட்டின படி, பவர் இல்லாம, ரெண்டு வயருக்கும் குறுக்க ஓம் மீட்டர் வெச்சா 60 காட்டணும். வெச்சுக்கிட்டே கேபிள அங்கங்க பிடிச்சு மெதுவா ஆட்டுங்க. 60 போய் 120 வந்தா, ஒரு பக்கத்து ரெசிஸ்டர் அறுந்து போச்சு எண்டு அர்த்தம், கை எங்க இரிக்கோ அங்கதான் பழுது. ரெண்டும் ஷோர்ட் எண்டா 0 பக்கம் வரும்.

பிளக்குகளையும் பாருங்க. உப்புக் காத்துக்கு பின் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். மணல் தாள் போட்டுத் தேய்க்க வேணாம் மேல் பூச்சு போயிடும், கொன்டாக்ட் கிளீனர் அடிங்க.

கட்டார்ல இருந்து வந்தவன்

ஸ்பெனர் எல்லாம் சொல்லிட்டார், நான் சின்னதா ஒண்டு சேக்கிறன். ஹயர் மெஷின் எண்டதால கேபிள வெட்ட முதல் ஓனருக்குச் சொல்லி எழுத்துல, வட்ஸப்ல எண்டாலும், சரி எண்டு வாங்குங்க. பிறகு உங்கட தலையில முழு கேபிள் காசும் வந்து விழும். அடுத்தது, மெஷின தண்ணி பிரஷர்ல கழுவினவங்களா எண்டு கேட்டுப் பாருங்க. ஹயர் யார்டுகள்ல மெஷின் திரும்பி வந்தா பெயின்ட், சீமெந்து எல்லாம் போகோணும் எண்டு பிரஷர் வோஷர பிளக்குக்கு நேர பிடிக்கிறது வழக்கம், அடுத்த கிழமை கோட் விழும். இன்னொண்டு, தட்டுல நிண்டு வெல்டிங் செஞ்சு ரெயில்ல ஏர்த் கொழுவினாலும் போர்ட் போகும். வெல்டிங் எண்டா பெட்டரிய கழட்டாம செய்யவே கூடாது.

ஜம்ப் வயர்

கட்டார் அண்ணே நீங்க சொன்ன மென்ஹோல் கதைய வாசிச்சாப் பிறகு அந்த ஒலுவில் வேலையில நான் தான் மேல நிண்டனான் எண்டு நினைவு வந்திட்டு. ஒண்டும் சொல்றல்ல.

வாவிக்கரை வயர்மன்

பிடிச்சிட்டன்!!

காக்கா சொன்ன மாதிரியே சேஃப்டி ஆர்ம நிமித்தி, பெட்டரி பிளக் கழட்டி, மீட்டர வெச்சன். 60.4. கீழ இருந்து ஆட்டிக்கிட்டு வந்தன், கீழ் பிளக் சரி, முதலாவது கத்தரி மடிப்பு சரி, ரெண்டாவது சரி. தட்டுக்குக் கீழ கேபிள ஒரு கிளாம்ப் போட்டு இறுக்கி வெச்சிருக்கு, அந்த கிளாம்புக்கு நாலு விரல் கீழ. தொட்ட உடன 60, 120, 60, 120 எண்டு ஆடுது. தடவினா உள்ளுக்கு ஒண்டுமே இல்லாத மாதிரி, பழைய செருப்பு வார் மாதிரி இருக்கு. நான் ஓனருக்கு ஃபோன்ல வீடியோ கோல் எடுத்து மீட்டரக் காட்டி ஆட்டிக் காட்டினன். வெட்டிப் பாருங்க எண்டு அவரே வட்ஸப்ல எழுதினார், அதையும் ஸ்கிரீன் ஷொட் எடுத்து வெச்சிட்டன் கட்டார் அண்ணே.

வெளி ரப்பர கீறித் திறந்தன். ரெண்டு கேன் வயர்ல ஒண்டு முழுசா அறுந்திட்டு, முனை ரெண்டும் ஒண்ட ஒண்டு தொட்டுக்கிட்டு நிக்குது, நேரா நிண்டா தொடும், மடிஞ்சா விலகும். செம்பு கறுத்து, ஓரத்துல பச்சை. கோயில் வெண்கலப் பாத்திரத்துல களிம்பு பிடிச்சா வருமே அந்தப் பச்சை. இந்த ஒரு மயிர் அளவு வயருக்குத்தான் நாலு நாள்.

இப்ப கேள்வி, இதச் சோல்டர் பண்ணி டேப் சுத்தி விடலாமா? நான் வீட்டு வயரிங்ல அப்பிடித்தான் செய்வன்.

சம்மாந்துற ஸ்பெனர்

மடியிற இடத்துல சோல்டர் போடப்படாது தம்பி. சோல்டர் குடிச்ச செம்பு விறைச்சுப் போகும், அது மடியாது, பக்கத்துல உடையும், ரெண்டு கிழமையில திரும்ப 02. சுவருக்குள்ள கிடக்கிற வயர் ஆடுறல்ல, இது ஒரு நாளைக்கு நூறு தரம் ஆடுற வயர். புதுக் கேபிள்தான் ஒழுங்கான வேலை. அத ஓனர்ட ஆளே வந்து போடட்டும். சில பேர் அறுந்த துண்ட வெட்டிட்டு மேல் பிளக்க கிட்ட இழுத்து மாட்டுவாங்க, கேபிள்ல எக்ஸ்ட்ரா நீளம் இரிந்தா சரி, இல்லாட்டி முழு உயரத்துக்குப் போகக்குள்ள இழுத்துப் பிடுங்கும், ஆள் மேல நிக்கக்குள்ள. புதுக் கேபிள் போட்டாலும் முதல் தரம் கீழ இருந்து ஆளில்லாம முழு உயரம் ஏத்தி எங்கயாவது இழுபடுதா நசியுதா எண்டு பாத்துத்தான் ஆள் ஏறணும்.

அந்த கிளாம்பையும் பாருங்க, இறுக்கிப் பிடிச்ச கிளாம்புக்குப் பக்கத்துலதான் எப்பவும் அறும். அதுல ரப்பர் இருந்து தேய்ஞ்சு போச்சா?

வாவிக்கரை வயர்மன்

கிளாம்ப்ல ரப்பரே இல்ல காக்கா, வெறும் இரும்பு. ஓனர்ட ஆள் நேத்து கேபிள் கொண்டு வந்தான், ரப்பர் வெச்ச கிளாம்பும் கேட்டு வாங்கினன். நான் பக்கத்துல நிண்டு பாத்தன். பொடியன் கெட்டிக்காரன், ஆனா சேஃப்டி ஆர்ம் போடாம உள்ளுக்கு தலையப் போடப் பாத்தான், பிடிச்சு நிறுத்திட்டன். ஆளில்லாம மூண்டு தரம் முழுசா ஏத்தி இறக்கின பிறகு நான் ஏறினன். நேத்து 9 லைட், இண்டைக்கு 14. 02 இல்ல, 68 இல்ல.

ஓனர் நாலு நாள் வாடகையும் கேக்கிறார். பாஸ் ரெண்டு நாள்தான் குடுப்பன் எண்டு நிக்கிறார். அது அவங்கட பாடு.

மிச்சம் 6 லைட். அதுல ரெண்டு மேடைப் பக்கம் மூலையில. அங்க கொண்டு போய் ஏத்தினா பீப் பீப் எண்டு கத்துது, திரையில எல் எல் எண்டு விழுது, ஏறுதே இல்ல. திரும்ப வயரா?

கட்டார்ல இருந்து வந்தவன்

வயர் இல்ல. நிலம் சரிவு. மேசன்ட்ட டியூப் லெவல் இருக்கும் வாங்கிப் பாருங்க, மேடைப் பக்கம் தண்ணி ஓடுறதுக்குச் சரிச்சிருப்பாங்க. இந்தச் சைஸ் மெஷின்கள் அனேகமா பக்கவாட்டுல ஒண்டரை பாகைக்கு மேல சரிஞ்சா ஏறாது, முன் பின் மூண்டு பாகை. மெஷின்ட அகலம் முக்கால் மீட்டர் தானே, அதுல ஒண்டரை பாகை எண்டா ரெண்டு சென்ரிமீட்டர் வித்தியாசம் காணும், கண்ணுக்குத் தெரியாது. மெஷினத் திருப்பி சரிவுக்கு நேரா நிறுத்திப் பாருங்க, முன் பின்னுக்கு கூடக் குடுக்கும், சிலவேளை ஏறும்.

வாவிக்கரை வயர்மன்

டியூப் வெச்சுப் பாத்தன் அண்ணே, மூண்டு சென்ரிமீட்டர் சரிவு. திருப்பி நிறுத்தினன், மேடைப் படி இடிக்குது, நேரா நிக்க இடம் காணாது. ஒரு பக்க சில்லுக்குக் கீழ பலகை வைக்கலாம் எண்டு பாஸ் சொல்றார்.

சம்மாந்துற ஸ்பெனர்

உங்கட பாஸ ஒருக்கா மெஷின்ல ஏத்தி விடுங்க, பலகை வெச்சு.

அந்த ரெண்டு லைட்டுக்கும் சாரம் கட்டி வேலைய முடிங்க தம்பி. அரை நாள் வேலை.

வாவிக்கரை வயர்மன்

சரி காக்கா. சாரக் கம்பு நாளைக்கு வருது.